விடிவெள்ளி படகின் நிலை

"அட்டவணையில ஒரே ஒரு பத்தியை மாத்துறதுக்கு எத்தனை மாசம் காத்திருக்கணும், மேடம்?" என்று கேட்டார் நீலமேகம்.

டெல்பின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதைத் தேடி யாரும் வராம ஆகுற வரைக்கும்."

"அது எப்போ?"

"வர்றவங்களுக்குத்தான் தெரியும், அண்ணே."

நீலமேகத்துக்கு எரிச்சலாக இருந்தது. சென்னையில் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதியே தலை நரைத்தவர் அவர். மனைவிக்கு நாகர்கோவிலுக்கு மாற்றல் வந்ததால் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். வேலையில் சேர்ந்த அன்றைக்கே கடற்செய்தி நிலையத்தின் தலைவர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். டெல்பினிடம் கற்றுக்கொள்ளுங்கள், அவள் சொல்லும் வரை எதையும் தொடாதீர்கள்.

டெல்பினுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும்.

புன்னைத்துறை துறைமுகத்தில், ஐஸ் ஆலையைத் தாண்டி, கடலைப் பார்த்தபடி இருந்தது அந்தக் கடற்செய்தி நிலையம். அந்தக் கரையோரத்துப் படகுகள் அத்தனையும் அங்கே கணினியில் ஓர் அட்டவணையாக இருந்தன. படகுக்கு ஒரு வரி. எண், பெயர், உரிமையாளர், வீடு, வீட்டுத் தொலைபேசி, கடைசியாகப் போன நாள், வந்த நாள். கடைசியில் 'நிலை' என்று ஒரு பத்தி.

படகு முகத்துவாரத்தைத் தாண்டினால் அந்தப் பத்தியில் 'கடலில்' என்று விழும். திரும்பி வந்தால் 'கரையில்' என்று விழும். அது விழுந்த கையோடு வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். படகு கரை சேர்ந்தது.

துறைமுகம் முழுக்கக் கேட்கிற ஒலிபெருக்கியில், பதிவு செய்த ஒரு பெண்குரல், கரை சேர்ந்த படகுகளின் பெயர்களை நாளெல்லாம் வாசித்துக்கொண்டே இருக்கும்.

"பேங்க்ல இந்த மாதிரி வேலைன்னா கொஞ்ச நேரம் எல்லாத்தையும் மூடிட்டு மாத்திருவோம்," என்றார் நீலமேகம்.

"கடலை எப்படி மூடுவீங்க?" என்று கேட்டாள் டெல்பின்.

எந்நேரமும் யாராவது ஒருவர் கடலில் இருந்தார்.

*

சேர்ந்த முதல் வாரமே அவர் டெல்பினிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார்.

பெரிதாக ஒன்றுமில்லை. நிலைப் பத்தி தேவைக்கு மேல் அகலமாக இருந்தது. அதைக் கொஞ்சம் ஒடுக்கலாம் என்று, நண்பகலில் ஒரே வரியில் கட்டளை எழுதி அனுப்பினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒலிபெருக்கியில் ஒரு படகின் பெயரை வாசித்துக்கொண்டிருந்த குரல், பாதிப் பெயரில் நின்றது.

படகுகளின் நிலையைக் காட்டும் துறைமுகத்துப் பலகையில் எழுத்துகள் அப்படியே உறைந்தன. துறைமுக வாசலில் படகைப் பதிவு செய்துகொண்டிருந்தவர் விசையை அழுத்தினார், மறுபடி அழுத்தினார், பிறகு கையை எடுத்துவிட்டார். வெளியே கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். அந்தக் குரல் இத்தனை நாள் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்ததே, அது நின்ற பிறகுதான் நீலமேகத்துக்குத் தெரிந்தது.

டெல்பின் வந்தாள். அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து அவருடைய கட்டளையை ரத்து செய்தாள்.

குரல், விட்ட இடத்திலிருந்து, மீதிப் பாதிப் பெயரைச் சொல்லி முடித்தது.

"நான் இன்னும் ஒண்ணுமே செய்யல, மேடம்," என்றார் நீலமேகம். "யாரோ அந்த அட்டவணையை நீளமா படிச்சிட்டு இருந்தாங்க. அவங்க முடிக்கட்டும்னு என் கட்டளை சும்மா காத்துக்கிட்டுதான் இருந்தது."

"எங்க நின்னு காத்துக்கிட்டு இருந்தது?"

அவர் திரையைக் காட்டினார்.

"வாசப்படியில," என்றாள் அவள். "பின்னால வந்தவங்க எல்லாரும் உங்க முதுகைப் பாத்துட்டு நின்னாங்க."

கொஞ்சம் போய்த் திரும்பி வந்து சொன்னாள்.

"அடுத்த தடவை, சட்டுன்னு வழி கிடைக்கலேன்னா விலகிருங்க. அப்புறமா மறுபடி வாங்க."

*

மாற்ற வேண்டிய தேவை உண்மையாகவே இருந்தது.

பழைய நிலைப் பத்தியில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியும் இருந்தார்கள். கரையில், கரை, கரைல, வந்தாச்சு. ஒவ்வொரு கைக்கும் ஒரு வழக்கம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் இறங்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு புதுக் கருவி ஏறப்போகிறது. ஆபத்து என்றால் அந்தக் கருவி தானாகவே நிலையத்தைக் கூப்பிடும். அதற்கு இரண்டே எண்கள்தான் புரியும். கடல் என்றால் ஒன்று, கரை என்றால் இரண்டு.

"பழைய பத்தியைத் தொடாதீங்க," என்றாள் டெல்பின். "பக்கத்துல புதுசா ஒண்ணு போடுங்க."

போட்டார். கண்ணிமைக்கும் நேரம்தான் ஆனது. குரல் தடைபடவில்லை.

"இனிமே ஒண்ணுல எழுதினா இன்னொண்ணுலயும் விழட்டும்."

அதற்கும் வழி செய்தார். பழசில் 'கரையில்' என்று விழுந்தால் புதியதில் இரண்டு என்று விழுந்தது. புதியதில் ஒன்று என்று எழுதினால் பழசில் 'கடலில்' என்று வந்தது.

"இனி ஏற்கெனவே கிடக்குற வரிகளை நிரப்புங்க. கைப்பிடி கைப்பிடியா. நடுவுல மூச்சு விட்டுக்கோங்க."

அதையும் செய்தார். பிறகு டெல்பின் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பழைய பத்தியை யார் யார் வந்து படிக்கிறார்கள் என்று காட்டும் திரையின் முன்னால் அவரை உட்கார வைத்தாள்.

"பாருங்க," என்றாள்.

அவர் பார்த்தார். துறைமுகப் பலகை வந்து படித்துப் போயிற்று. அதைப் புதுப் பத்திக்குத் திருப்பினார். டீசல் மானிய அலுவலகம் வந்தது. அவர்களோடு பேசி அதையும் திருப்பினார். ஐஸ் ஆலை வந்தது. மீன் ஏலக் கூடம் வந்தது. கடைசியாக, எவ்வளவு ஐஸ் உடைக்க வேண்டும் என்று முன்கூட்டியே பார்ப்பதற்காக யாரோ என்றோ எழுதிவிட்டுப் போன ஒரு சின்ன நிரல் வந்தது.

ஒவ்வொருவராகக் கழன்றார்கள். திரை நாளுக்கு நாள் அமைதியானது.

ஒருவர் மட்டும் கழலவில்லை.

கோயிலில் பிற்பகல் மணி அடித்து ஓய்ந்ததும் அந்தக் கேள்வி வரும். பெயர் கிடையாது. எங்கிருந்து என்றும் தெரியாது. படகின் எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் அதன் நிலையைத் திருப்பி அனுப்புகிற ஒரு வசதி முன்பு இருந்ததாம். அது நின்று போய்விட்டதாகத்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அது நிற்கவில்லை. அதன் வழியாக யாரோ ஒருவர் ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு படகைப் பற்றிக் கேட்டார்.

விடிவெள்ளி.

பழைய பத்தியில் விடிவெள்ளிக்கு எதிரே ஒன்றும் இல்லை. அதனால் பதிலிலும் ஒன்றும் இல்லை. படகின் பெயர் போகும், அதற்குப் பிறகு வெறும் இடம் போகும்.

மறுநாள் அதே கேள்வி வரும். அதே வெறும் இடம் திரும்பிப் போகும்.

"யாரு மேடம் இது?" என்று கேட்டார் நீலமேகம்.

"யாரோ ஒருத்தங்க."

"பதிலே இல்லாததை எதுக்குத் தினம் கேக்கணும்?"

டெல்பின் வேறு திரைக்குத் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு அவள் முகம் சரியாக இல்லை.

விடிவெள்ளி மட்டுமல்ல. பழைய பத்தியில் அங்கங்கே இன்னும் சில படகுகளுக்கு எதிரே ஒன்றும் எழுதப்படாமல் கிடந்தது. கடல் என்றும் இல்லை, கரை என்றும் இல்லை. புதுப் பத்தியிலும் அந்த இடங்கள் அப்படியே நின்றன.

"இந்த வெறும் கட்டத்தை எல்லாம் என்ன செய்ய?" என்றார்.

"தொடாதீங்க."

"வெறுமையா இருக்கே."

"அது வெறுமை இல்ல, அண்ணே," என்று சொல்லிவிட்டு டெல்பின் எழுந்து வெளியே போனாள்.

*

தடைக்காலம் முடியப் போகிற சமயத்தில் டெல்பின் தங்கையின் பிரசவத்துக்காகத் தூத்துக்குடி போனாள்.

கருவி நிறுவனத்தார் வந்து இணைத்துப் பார்த்தார்கள். அட்டவணை அதில் ஏறவில்லை. ஒன்று அல்லது இரண்டு என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாத வரிகளைப் பார்த்ததும் அவர்களுடைய நிரல் மொத்த அட்டவணையையும் திருப்பி அனுப்பியது.

"இதைச் சரி பண்ணிக் கொடுங்க, சார். நாளைக்கு வரோம்," என்று போய்விட்டார்கள்.

நீலமேகம் டெல்பினைக் கூப்பிட்டார். கைபேசி அணைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

யோசித்தார். அந்தப் படகுகள் வருஷக்கணக்காக முகத்துவாரத்தைத் தாண்டவில்லை. தாண்டாத படகு கடலில் இருக்க முடியாது. கடலில் இல்லாதது கரையில்தானே இருக்க வேண்டும். வங்கியில் இப்படி எத்தனை வெறும் கட்டங்களை நிரப்பியிருக்கிறார். வழக்கமான ஒரு மதிப்பைக் கொடுத்தால் தீர்ந்தது.

அந்தப் படகுகளின் வரிகளை அவர் முழுசாகப் படித்துப் பார்க்கவில்லை.

நண்பகல் தாண்டிய நேரம். டெல்பின் கற்றுக்கொடுத்தபடியே செய்தார். கைப்பிடி கைப்பிடியாக. வழி கிடைக்காதபோது விலகி நின்று, பிறகு வந்து. நடுவில் மூச்சு விட்டு. எங்கும் எதுவும் நிற்கவில்லை. யாரையும் காக்க வைக்கவில்லை. இத்தனை சுத்தமாக ஒரு மாற்றத்தைத் தன் வாழ்நாளில் செய்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

ஒலிபெருக்கியில் குரல் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தது.

"புனித மிக்கேல். கரையில்."

"நீரோட்டம். கரையில்."

ஐஸ் உடைக்கிற சத்தம் நின்றது.

"கார்மேல் அரசி. கரையில்."

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வலைக்காரர்களின் கைகள் அந்தரத்தில் நின்றிருந்தன. ஏலக் கூடத்தில் விலை கூவிக்கொண்டிருந்தவர் வாயை மூடியிருந்தார். மீன் கூடையை இறக்கப் போன ஒருத்தி இறக்காமல் தலையில் வைத்தபடியே நின்றாள். அத்தனை பேரும் ஒலிபெருக்கிக் கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விடிவெள்ளி," என்றது குரல். எல்லாப் பெயரையும் போலத்தான் இதையும் சொன்னது. "கரையில்."

நீலமேகம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

ஓடிப்போய் ஒலிபெருக்கியை அணைத்தார். வந்து திரையைப் பார்த்தார். வீடுகளுக்குச் செய்தி அனுப்புவது துறைமுக வாசலில் இருக்கிற கணினி என்று அவர் இத்தனை நாள் நம்பியிருந்தார். வாசல் அல்ல. பழைய பத்தியே அனுப்பிக்கொண்டிருந்தது. யார் எழுதினாலும், எந்த வழியாக எழுதினாலும், 'கரையில்' என்று விழுந்தால் போதும். புதுப் பத்தியில் அவர் இட்ட இரண்டு, பழைய பத்தியில் கரையாக விழுந்து, அங்கிருந்து வீடு வீடாகப் போய்விட்டது.

படகு கரை சேர்ந்தது.

அப்போதுதான் அந்த வரிகளை முழுசாகத் திறந்தார். எல்லாப் படகும் கடைசியாக முகத்துவாரத்தைத் தாண்டியது ஒரே நாள். திரும்பி வந்ததற்கு எதிரே ஒன்றிலும் ஒன்றும் இல்லை.

இந்தக் கரையில் ஒரு புயல் அடித்ததென்று எப்போதோ சென்னையில் உட்கார்ந்து செய்தியில் பார்த்த ஞாபகம் அவருக்கு வந்தது.

*

அவர் கடற்கரைக்கு, ஊரார் சொல்லும் கடப்புறத்துக்கு, போனபோது அவர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள்.

யாரும் ஓடி வரவில்லை. யாரும் கூப்பாடு போடவில்லை. சந்துகளிலிருந்து பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மணலில் இறங்கினார்கள். சிலர் பாதிச் சமையலில் எழுந்து வந்திருக்க வேண்டும். ஒருத்தியின் கையில் மாவு காய்ந்திருந்தது. இன்னொருத்தி ஒரு சட்டையும் இடுப்பில் கட்டச் சாரமும் கொண்டு வந்திருந்தாள். நனைந்து வருகிறவனுக்கு மாற்றிக்கொள்ள. பெட்டியில் மடித்து வைத்தே பழகிய துணி, மடிப்புக் கோடு அழியாமல் இருந்தது.

வெயில் வெள்ளையாக அடித்தது. காற்று இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. வழக்கமாக மீன்கழிவைச் சுற்றிக் குரைக்கிற நாய்கள்கூட படகுகளின் நிழலில் படுத்துக்கொண்டு ஆட்களையே பார்த்தன.

எல்லாரும் கடலைப் பார்த்து நின்றார்கள்.

"எந்தப் பக்கமா வருது, சார்?" என்று ஒரு பெண் தாழ்ந்த குரலில் கேட்டாள். அவருடைய கழுத்தில் நிலையத்தின் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் அட்டையைக் கையால் மூடிக்கொண்டார்.

யாரோ கையை நீட்டினார்கள். அத்தனை தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. நீலமேகமும் திரும்பினார். தொடுவானத்தில், வெயில் கண்ணைக் கூசுகிற இடத்தில், ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. இருந்ததுபோல் இருந்தது. நெற்றியில் கை வைத்து, மூச்சைப் பிடித்து, அது பெரிதாகிறதா என்று பார்த்தார்.

எத்தனை நேரம் அப்படி நின்றார் என்று தெரியவில்லை. தன் கையால் எழுதிய பொய்க்காகத்தான் தானும் நிற்கிறோம் என்பது உறைத்தபோது நெற்றியிலிருந்து கையை இறக்கினார்.

அங்கே புள்ளி எதுவும் இல்லை.

"வரலை," என்றார். மறுபடி உரக்கச் சொன்னார். "நான்தான் கம்ப்யூட்டர்ல தப்பா போட்டுட்டேன். படகு எதுவும் வரலை. வராது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

ஒருவரும் அசையவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் மட்டும் கடலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"வராதுன்னு ஒங்கட்ட யாரு சொன்னா?"

வெயில் இறங்கும் வரை அவர்கள் நின்றார்கள். பிறகு ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல், வந்த சந்துகளுக்குள் போனார்கள். சட்டை கொண்டு வந்தவள் அதை மறுபடி அதே மடிப்பில் மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

*

மறுநாள் காலை டெல்பின் வந்தாள். ஊர் முழுக்க அவளிடம் சொல்லியிருந்தது.

அவள் திட்டவில்லை. மாற்றத்துக்கு முன்பு எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து அந்தக் கட்டங்களைப் பழையபடி வெறுமையாக்கினாள். ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. கருவி நிறுவனத்தாரை இன்னும் சில நாள் பொறுத்து வரச் சொன்னாள்.

"வெறும் கட்டம்னு நினைச்சுட்டேன், மேடம்," என்றார் நீலமேகம். "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டேன்."

"சொல்லியிருக்கணும்," என்றாள் டெல்பின். "புயலுக்கு அப்புறம் அந்தப் படகுகளுக்குக் 'கடலில்'னு இருந்ததை அழிச்சுட்டு வேற எதுவும் எழுதல. இந்த ஊர்ல யாரும் அதை வாய் விட்டுச் சொல்றதில்ல. எனக்கும் வாய் வரல. அது என் தப்பு."

அவள் நகலை மூடிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"கடப்புறத்துல அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"வராதுன்னு சொன்னேன்."

டெல்பின் அவரைப் பார்த்தாள்.

"அப்ப அந்தக் கட்டத்துல அதையும் நீங்களே போட்டீங்க," என்றாள்.

அவருக்கு அது விளங்கவில்லை. ஆனால் அடி விழுந்தது மட்டும் தெரிந்தது.

*

அன்று பிற்பகல் கோயில் மணி அடித்து ஓய்ந்தது. நீலமேகம் திரைமுன் உட்கார்ந்திருந்தார்.

கேள்வி வரவில்லை.

மறுநாளும் உட்கார்ந்தார். வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பழைய பத்தியைக் காட்டும் திரையில் ஒரு சலனமும் இல்லை. இத்தனை மாதம் எந்த அமைதிக்காக அவர் பொறுமையிழந்து காத்திருந்தாரோ, அந்த அமைதி வந்திருந்தது.

டெல்பின் பின்னால் வந்து நின்றாள்.

"யாரும் வரலியா?"

"இல்ல."

"நீங்க கேட்ட நாள் இதுதானே, அண்ணே. பத்தியை எடுத்துருங்க."

அவர் கட்டளையை எழுதினார். அரைவரி. அனுப்பும் விசையின் மேல் விரலை வைத்தார். வைத்த விரல் அங்கேயே இருந்தது.

விரலை எடுத்துக்கொண்டார்.

"வந்துக்கிட்டு இருந்தவங்க ஏன் வரலைன்னு தெரியாம எப்படி எடுக்க?" என்றார். "நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

"போங்க."

விடிவெள்ளியின் வரியைத் திறந்து வீடு எங்கே என்று பார்த்தார். உரிமையாளர் பெயர் வியாகப்பன். வீடு கோயிலுக்குப் பின்னால் மேட்டுத்தெரு.

வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அங்க போய் நான் என்ன சொல்ல, மேடம்?"

டெல்பின் புதுப் பத்தியைக் கைகாட்டினாள். ஒன்று அல்லது இரண்டு மட்டுமே ஏற்கும் அந்தப் பத்தியில், விடிவெள்ளிக்கு எதிரே ஒன்றும் இல்லாமல் இருந்தது.

"இதுல என்ன போடப் போறீங்களோ, அதையே சொல்லுங்க."

*

மேடு ஏறும் வழியெல்லாம் நீலமேகம் அதையே யோசித்தார். ஒன்று போட்டால் கடல். இரண்டு போட்டால் கரை. இரண்டில் எதைச் சொல்லிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைவது?

கதவு திறந்தேதான் இருந்தது.

உள்ளே ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். வியாகப்பனின் மனைவி, ஜெசிந்தா என்று பெயர். அவளுக்கு எதிரே ஒரு தட்டில் சோறு பரிமாறி, அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். அவள் மெலிந்து, உதடு காய்ந்து இருந்தாள். கண்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

"வாங்க சார், உக்காருங்க," என்றாள். "அவிய இன்னும் வீட்டுக்கு வரல."

நீலமேகம் உட்காரவில்லை. உட்கார முடியவில்லை.

"தினம் மத்தியானம் கேள்வி அனுப்புறது நீங்கதானாம்மா?"

"நான்தான்."

"இப்ப ஏன் அனுப்பல?"

"பெறகு எதுக்கு அனுப்ப?" என்றாள் ஜெசிந்தா. ஆச்சரியப்பட்டதுபோல் அவரைப் பார்த்தாள். "கரை சேந்தாச்சுன்னு ஒங்க ஆபீசுலேருந்தே செய்தி வந்துட்டே. எந்தக் கரைன்னுதான் போடல. நடந்து வரணும்லா. தூரமாட்டு இருக்கும்."

வெளியே காற்றில் கதவு ஒரு முறை முனகியது. அவள் சட்டென்று வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. மறுபடி அவரைப் பார்த்தாள்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"அவிய வந்தா சேந்து திங்கலாம்னு வச்சிருக்கேன்."

"எத்தனை நாளா?"

அவள் மேல்தட்டை நேராக்கி வைத்தாள்.

"அந்தச் செய்தி என் தப்பும்மா," என்றார் அவர். "அன்னைக்குக் கடப்புறத்துலயே சொன்னேன்."

"சொன்னிய. நானும் அங்கேதான் நின்னேன்." அவள் குரலில் கோபம் இல்லை. "மொதல்ல வந்தாச்சுன்னிய. பெறகு வராதுன்னிய. ரெண்டையும் நீங்கதான் சொன்னிய. ரெண்டுல நான் எதை எடுக்க, சார்? நல்லதா இருக்கேன்னு மொதல்ல சொன்னதை எடுத்துக்கிட்டேன்."

நீலமேகம் தலையைக் குனிந்துகொண்டார்.

"முன்னால தினம் கேட்டீங்களே. அப்ப என்ன பதில் வரும்?"

"ஒண்ணும் வராது. பேரு வரும். பேருக்குப் பக்கத்துல சும்மா கெடக்கும்." வெறும் உள்ளங்கையைப் பார்த்தாள். "அதைப் பாப்பேன். பெறகு எந்திரிச்சு என் சோலியைப் பாப்பேன்."

மேட்டுக்குக் கீழே கடல் கேட்டது.

"இப்ப வந்திருக்கியளே. சொல்லுங்க," என்றாள் ஜெசிந்தா. "அவிய வந்தாச்சா, வரமாட்டாவளா?"

அவர் வாய் திறந்தார். நாக்கின் நுனியில் ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. இரண்டையும் அவர் விழுங்கிக்கொண்டார்.

"தெரியாதும்மா," என்றார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க ஆபீசுல யாருக்குமா தெரியாது?"

"யாருக்கும் தெரியாது."

ஜெசிந்தா வாசலை ஒருமுறை பார்த்தாள். பிறகு கவிழ்த்திருந்த தட்டை எடுத்துத் தள்ளி வைத்தாள். சோறு விறைத்துப் போயிருந்தது. செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றி, விரலால் மெல்லப் பிசைந்து, ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.